சபீனாவின் பட்டியல்

அத்தியாயம் 17

"டு-லெட் போர்டைக் கயட்டி வெச்சு இன்னியோட எத்தினி நாளாச்சு, தெரியுமா?" என்று தாட்சாயிணி கேட்டாள்.

"மூணு மாசம்மா."

"மூணு மாசம் எட்டு நாள். காலண்டர்ல எண்ணிப் பாத்துட்டேன்."

சுரேகா காபியை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். ஏப்ரலில் மாடிப் போர்ஷனில் குடியிருந்தவர்கள் காலி செய்தபோது, "அடுத்த ஆளு வர்ற வரைக்கும்" என்று சொல்லித்தான் அந்தச் சாவியை அம்மாவிடம் வாங்கினாள். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்த பதினொரு பேர். விண்ணப்பம் போடவும், சான்றிதழ் சரிபார்க்கவும், எந்தக் கல்லூரி எப்படி என்று சொல்லவும் அங்கே ஓர் இடம். எழுதிப் போட்ட போர்டைக் கழற்றிப் பரணில் வைத்ததே மகள்தான் என்பது தாட்சாயிணிக்குப் போன வாரம்தான் தெரிய வந்தது. அதிலிருந்து தினமும் ஒரு முறை இந்தக் கேள்வி.

சுரேகாவுக்கு அடுத்த மாதம் பொறியியல் நான்காம் வருடம் தொடங்குகிறது. இரண்டு வாரமாக ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சி. காலை ஆறு மணி வேன், இரவுதான் திரும்புவாள். கலந்தாய்வில் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் முக்கியமான மூன்று நாளும் அதற்குள் மாட்டிக்கொண்டதால், மாடிச் சாவியை அண்ணன் தினேஷிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

"நான் பாத்துக்கறேன். வீட்லேர்ந்துதானே வேலை. கம்ப்யூட்டர்ல லிஸ்ட் போடறது எனக்குப் புதுசா?" என்றான் தினேஷ்.

பயிற்சி நேற்றோடு முடிந்தது. பட்டியலை மாற்ற இன்று மாலை ஐந்து மணி வரைதான் நேரம்.

மாடியில் தினேஷ் பதினொரு பட்டியல்களையும் அச்செடுத்து, பெயர் வாரியாகச் சுவரில் ஒட்டியிருந்தான். பார்க்க அழகாக இருந்தது. சுரேகா முதல் தாளைப் படித்தாள். இரண்டாவது தாளைப் படித்தாள். காபி தம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"அண்ணா, இது என்ன வரிசை?"

"கரெக்டாதான் இருக்கு. போன வருஷ கட்-ஆஃப் எல்லாத்தையும் எக்ஸெல்ல ஏத்தி, ஒவ்வொருத்தர் மார்க்குக்கும் சார்ட் பண்ணேன். எது கண்டிப்பா கிடைக்குமோ அது மேல. கஷ்டமானது கீழ."

"ஏன் அப்படி?"

"ஏன்னா? மொதல்ல கையில ஒரு சீட்டு இருக்கணும் இல்ல."

சுரேகா நாற்காலியில் உட்கார்ந்தாள். "மேலேர்ந்துதான்ணா பாக்கும். மேல இருக்கிறதுல எது மொதல்ல கிடைக்குதோ, அதைக் குடுத்துட்டு நிறுத்திடும். அதுக்குக் கீழ இருக்கிறதைப் பாக்கவே பாக்காது."

"பாக்காதா?"

"பாக்காது. அதனால ரொம்பப் பிடிச்சதைத்தான் மேல போடணும். அது கிடைக்கலைன்னா அடுத்தது. நீ போட்டிருக்கிற மாதிரி போட்டா, கிஷோருக்கு இந்த ஹைவே ஓரத்துத் தனியார் காலேஜ்தான். இருநூறுக்கு நூத்தி எழுபத்தெட்டு மார்க் வாங்கிட்டு."

தினேஷ் சுவரைப் பார்த்தான். பதினொரு தாளையும் ஒரு முறை பார்த்தான்.

"எங்க காலத்துல அப்படி இல்ல, சுரே."

"உன் காலம்னா பத்துப் பதினோரு வருஷம்தானே ஆகுது."

"பெரிய ஹால்ல உக்கார வெச்சிருந்தாங்க. ஸ்கிரீன்ல காலி சீட்டு ஓடும். பேரு கூப்பிட்டதும் போய் ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு வந்துடணும். நான் ஒரு காலேஜ் மனசுல வெச்சுகினு, அதுவா இதுவான்னு நைனா மூஞ்சியையே பாத்துகினு இருந்தேன். எனக்கு முன்னாடி போன பையன் அந்தக் கடைசி சீட்டை எடுத்துட்டான். ஸ்கிரீன்ல ஒண்ணு இருந்தது சைபர் ஆயிடுச்சு." தினேஷ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "அதுலேர்ந்து எதுன்னாலும் நிச்சயமானதை மொதல்ல பிடிச்சு வெச்சுக்கறது."

சுரேகாவுக்குக் கோபப்பட வேண்டும் என்றுதான் இருந்தது. அண்ணன் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை.

"மணி பத்தரை. அஞ்சு மணி வரைக்கும் மாத்தலாம். நீ அஞ்சு பேரைக் கூப்பிடு, நான் ஆறு பேரைக் கூப்பிடறேன்."

அதற்குப் பிறகு அந்த மாடியில் யாரும் உட்காரவில்லை. குமணன்சாவடியிலிருந்து ஒருத்தி ஆட்டோவில் வந்தாள். ஜெபா தன் அம்மாவின் கடையிலிருந்தே போனில் கேட்டுக் கேட்டு மாற்றினாள். வந்த ஒவ்வொருவரிடமும் தினேஷ் முதலில் ஒரே வாக்கியத்தைச் சொன்னான்: "தப்பு என்னோடது. வரிசையைத் தலைகீழா போட்டுட்டேன்."

கிஷோர் மட்டும் கொஞ்ச நேரம் யோசித்தான். "அண்ணா, நீங்க ஐ.டி.-லதானே இருக்கீங்க?"

"ஆமா."

"இது உங்க கம்பெனிக்குத் தெரியுமா?"

தினேஷ் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அன்று காலை அந்த மாடியில் கேட்ட முதல் சிரிப்பு அது. ஒன்றரை மணிக்குள் பத்துப் பட்டியல்கள் சரியாகிவிட்டன. பதினொன்றாவது சபீனாவுடையது.

சபீனா மூன்று மணிக்கு வந்தாள். நூற்று எண்பத்தேழரை மதிப்பெண். பதினொரு பேரில் அவளுக்குத்தான் அதிகம். தவறான வரிசையால் அதிகம் இழக்கப்போகிறவளும் அவள்தான். பட்டியலின் தலையில் தினேஷ் போட்டிருந்தது, வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய ஒரு புதிய கல்லூரி.

"உள்ள போய் மாத்திடலாம். பாஸ்வேர்டு சொல்லு," என்றாள் சுரேகா.

சபீனா துப்பட்டா நுனியைச் சுற்றினாள். "அது சீட்டுல எழுதி இருந்துச்சுக்கா. பிரவுசிங் சென்டர்ல அந்த அண்ணனே ஏதோ நம்பரும் எழுத்துமா அடிச்சுக் குடுத்தாரு. புதன்கிழமை வந்தப்போ வெச்சிருந்தேன். அம்மா சுடிதாரை ஊற வெச்சுட்டாங்க."

"சீட்டு பாக்கெட்டுல?"

"மாவு மாதிரி ஆயிடுச்சுக்கா."

சுரேகா தினேஷைப் பார்த்தாள். "நீ எழுதி வெச்சுக்கலையா?"

"பசங்க பாஸ்வேர்டை நாம வாங்கி வெச்சுக்கவே கூடாதுன்னு ரூல் போட்டது யாரு? செவுத்துல ஒட்டி வெச்சிருக்கியே, நாலாவது ரூல்."

உண்மைதான். சிவப்பு மையில், அடிக்கோடிட்டு.

"சரி, புது பாஸ்வேர்டு கேட்டா ஓ.டி.பி. வரும். நம்பர் யாருது?"

"அத்தாவோடது."

"அத்தாவுக்குப் போன் போடு."

"அத்தா டூட்டில இருக்காங்கக்கா. உள்ள போன் கொண்டுபோகக் கூடாது. கேட்லயே லாக்கர்ல வெச்சுட்டுப் போயிடணும். சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வெளிய வருவாங்க."

சபீனாவின் தந்தை முகமது ஆசிக், செம்பரம்பாக்கம் பக்கத்தில் ஒரு பெரிய கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அந்தக் கிடங்கின் வாசலில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சுரேகாவின் அப்பா ஜானகிராமன்தான் அங்கே நான்கு வருடமாக கேட் பொறுப்பாளர்.

சுரேகா போன் போட்டாள்.

"இன்னா பாப்பா, வேலை நேரத்துல?"

"நைனா, ஆசிக் பாய் போன் லாக்கர்ல கீதில்ல? அதுல ஒரு நம்பர் வரும். எடுத்துப் பாத்துச் சொல்லணும்."

"ஆளு இல்லாம லாக்கரைத் தொறக்கக் கூடாது."

"அவரைக் கொஞ்சம் வெளிய வரச் சொல்லுங்களேன்."

"கன்டெய்னர் வந்து நிக்குது. அது காலியாகற வரைக்கும் வண்டியை விட்டு யாரும் எறங்கி வர மாட்டான். டீ பிரேக்கே இன்னிக்கு கேன்சல்."

"அப்ப நீங்களே தொறங்க நைனா. அவரு பொண்ணு சபீனாவுக்குத்தான். அஞ்சு மணிக்குள்ள மாத்தலைன்னா, டவுன்ல இருக்கிற அரசுக் காலேஜ் போயிடும். ஊட்லேர்ந்தே பஸ்ல போய் வர்ற காலேஜ்."

"பாப்பா, போன வருசம் ஒரு போன் காணாம போச்சு. எனக்குத்தான் மெமோ குடுத்தாங்க. அதுக்கப்புறம் அந்த ரூலை எழுதிப் போட்டதே நான்தான். நானே தொறந்தா நாளைக்கு மத்தவன் இன்னா சொல்லுவான்?"

சுரேகா வாயைத் திறப்பதற்குள், பின்னாலிருந்து ஒரு கை போனை வாங்கிக்கொண்டது. தாட்சாயிணி, கீழிருந்து சாம்பார் சாதப் பாத்திரத்தோடு வந்தவள்.

"இன்னாய்யா, நான் பேசறேன். அந்தப் பொண்ணு இங்க குந்திகினு அய்துகினு கீது."

"நான் அழலையே ஆன்ட்டி," என்றாள் சபீனா.

"நீ சும்மா இரு." தாட்சாயிணி போனை மறு காதுக்கு மாற்றினாள். "ரூலை மாத்தச் சொல்லல. உன் ரூலுக்குள்ளயே ஒரு வழி பாரு. அவரு வர முடியலைன்னா, நீ எழுந்து போ. சேர்ல ஆணி அடிச்சா வெச்சிருக்காங்க?"



"சரி, வை," என்றார் ஜானகிராமன்.

தாட்சாயிணி போனை மகளிடம் நீட்டினாள். "நைனாவும் பொண்ணும் ஒரே அச்சு. செவுத்துல எழுதி ஒட்டறதுல குறைச்சல் இல்ல. சாப்பிட்டியா நீ, பொண்ணே? தட்டை எடு."

கேட்டில் ஜானகிராமன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். உதவியாளர் துலுக்கானம் ஆச்சரியமாகப் பார்த்தான்.

"அண்ணாத்தே, எங்க கெளம்பிட்ட?"

"உள்ள."

"உள்ளயா? நாலு வருசத்துல நீ உள்ள போய் நான் பாத்ததே இல்லியே."

"இன்னிக்குப் பாரு. வண்டி வந்தா நம்பர் எழுது. தேதி போட மறந்துடாத."

சரக்கு இறக்கும் ஒன்பதாவது டாக்குக்கு நடக்கப் பத்து நிமிடம் ஆனது. ஆசிக் கன்டெய்னருக்குள்ளிருந்து ஒரு பெரிய அட்டைப்பெட்டி அடுக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தவர், ஜானகிராமனைப் பார்த்ததும் வண்டியை அப்படியே நிறுத்தினார்.

"இன்னாண்ணே? ஊட்ல ஏதாவது..."

"ஒண்ணும் இல்ல பாய். எல்லாரும் நல்லாகீறாங்க. உன் பொண்ணு காலேஜ் விசயம்." ஜானகிராமன் தனக்குத் தெரிந்த வரையில் சொன்னார். ஓ.டி.பி. வரைக்கும் சரியாகச் சொல்லிவிட்டு, அதற்கு மேல் கையை விரித்தார். "டவுன்ல அரசுக் காலேஜாம். ஊட்லேர்ந்தே போய் வரலாமாம். போன் மட்டும் வேணும்."

"தாராளமா எடுத்துக்கோண்ணே. இந்தா சாவி."

"சாவி பத்தாது. எழுதிக் குடு."

"இன்னா எழுதறது?"

ஜானகிராமன் சட்டைப்பையிலிருந்து பழைய கேட் பாஸ் ஒன்றை எடுத்து, பின்பக்கத்தைத் திருப்பி, அட்டைப்பெட்டி மேல் வைத்தார். "நான் சொல்றேன், எழுது. என்னுடைய லாக்கரைத் திறந்து, என்னுடைய போனை எடுத்துப் பார்க்க, கேட் பொறுப்பாளருக்கு முழுச் சம்மதம். கையெழுத்து. தேதி. நேரம்."

"இவ்ளோ எதுக்குண்ணே? உன்னைத் தெரியாதா எனக்கு?"

"என்னைத் தெரியும். நாளைக்கு வர்ற மேனேஜருக்குத் தெரியாது. எழுது."

ஆசிக் சிரித்துக்கொண்டே எழுதினார். டாக் சூப்பர்வைசர் தூரத்திலிருந்து கை ஆட்டினார். ஜானகிராமன் தாளை மடித்துக்கொண்டு நாலடி போனவர், திரும்பி வந்தார்.

"போன்ல பூட்டு கீதா?"

"பேட்டர்ன் போட்டிருக்கேன்."

"அதையும் வரை."

ஆசிக் ஒன்பது புள்ளி வைத்து, மேலிருந்து கீழாக ஒரு கோடும், அங்கிருந்து பக்கவாட்டில் ஒரு கோடும் இழுத்துக் கொடுத்தார். கீழே இன்னொரு கையெழுத்தும் போட்டார், கேட்காமலே.

ஜானகிராமன் கேட்டுக்குத் திரும்பி லாக்கரைத் திறக்கும்போது மணி மூன்று ஐம்பது. பேட்டர்ன் மூன்றாவது முறைதான் ஒத்துக்கொண்டது. உள்ளே ஒரு குறுஞ்செய்தி காத்திருந்தது.

"பாப்பா, எழுதிக்கோ. நாலு... ஒம்போது..."

"நைனா, அது எப்ப வந்தது?"

"மூணு இருவதுன்னு போட்டுகீது."

"அது செத்துப்போச்சு நைனா. பத்து நிமிஷம்தான் உயிரு. இப்ப திரும்ப அனுப்பச் சொல்றேன். போனைக் கையிலேயே வெச்சிருங்க."

"வெச்சிகினுதான் கீறேன்."

இருவரும் காத்திருந்தார்கள். ஜானகிராமன் அந்தப் போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், ததும்பத் ததும்ப நிறைந்த டீ தம்ளரைப் பிடிப்பதுபோல. துலுக்கானம் எட்டிப் பார்த்தான். "போ அந்தாண்ட, மூச்சு விடாத," என்றார்.

நாலு மணி பத்து நிமிடத்துக்கு எண் வந்தது. ஆறு இலக்கத்தையும் இரண்டு முறை படித்துச் சொன்னார். போனை லாக்கரில் வைத்துப் பூட்டி, லாக்கர் நோட்டில் திறந்த நேரமும் மூடிய நேரமும் எழுதி, ஆசிக்கின் கடிதத்தை அந்தப் பக்கத்திலேயே ஊசி குத்தி வைத்தார்.

மாடியில் சபீனாவின் பட்டியல் திரையில் திறந்தது. நாற்பத்திரண்டு வரிகள். தாட்சாயிணிகூடக் கீழே போகாமல் சுவரோரம் நின்றாள்.

"நான் டைப் பண்றேன், நீ சொல்லு," என்று தினேஷ் நாற்காலியை இழுத்தான்.

"வேணாம்ணா. நானே போட்டுக்கறேன்."

தினேஷ் எழுந்து இடம் விட்டான். சபீனா உட்கார்ந்தாள். அந்தப் புதிய கல்லூரியைப் பிடித்து இழுத்து அடியில் கொண்டுபோய் விட்டாள். அவள் கை தடுமாறவே இல்லை. நகரத்து அரசுக் கல்லூரியின் எலக்ட்ரானிக்ஸ் மேலே ஏறியது. சுரேகா பெருமூச்சு விட்டாள். ஒரு மாதமாகப் பேசிப் பேசி முடிவு செய்திருந்த முதல் இடம் அது.

சபீனா நிறுத்தவில்லை. இருபத்தாறாவது வரியில் கிடந்த ஒன்றைப் பிடித்து மேலே இழுத்தாள். பத்து, ஐந்து, இரண்டு. முதல் வரி.

கோயம்புத்தூர். அரசுக் கல்லூரி. மெக்கானிக்கல்.

"சபீனா, கை தவறிப் போச்சா?"

"இல்லக்கா."

"உன் மார்க்குக்கு அது கண்டிப்பா வரும். மேல போட்டா அதுதான் கிடைக்கும். டவுன் காலேஜை அது பாக்கவே பாக்காது."

"தெரியும்க்கா. காலையில போன்ல நீங்கதானே சொன்னீங்க, ரொம்பப் பிடிச்சதைத்தான் மேல போடணும்னு."

"மெக்கானிக்கல்னு நீ எங்ககிட்ட ஒரு தடவைகூடச் சொல்லலையே?"

"நீங்க கேட்கலைக்கா. எல்லாரும் எலக்ட்ரானிக்ஸா, கம்ப்யூட்டரான்னுதான் கேட்டீங்க." குரலில் குறை இல்லை. "ஆயுத பூஜைக்கு அத்தா என்னைக் கம்பெனிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஃபோர்க்லிஃப்ட்ல உக்கார வெச்சாங்க. ஒரு லிவரைத் தள்ளினா ஒரு டன் தூக்குது. எப்படித் தூக்குதுன்னு அத்தாவுக்கும் தெரியல, அங்க யாருக்கும் தெரியல. நான் வீட்டுக்கு வந்து புக்ல தேடிப் படிச்சேன். அதுலேர்ந்து எனக்கு அதுதான்."

"இங்க பக்கத்துல மெக்கானிக்கல் இல்லையா?" என்று தினேஷ் கேட்டான்.

"இருக்குண்ணா. நல்லதா இருக்கிறதுக்கு என் மார்க் பத்தாது. பத்துறதுல கோயம்புத்தூர்தான் நல்லது. உங்க எக்ஸெல்லதான் பாத்தேன்."

தினேஷ் சுரேகாவைப் பார்த்தான். அந்த மூன்று நாள் உழைப்பு ஒருத்திக்காவது பயன்பட்ட சந்தோஷம், வேண்டாம் என்றாலும் முகத்தில் வந்துவிட்டது.

"ஹாஸ்டல்ல இருப்பியா? அத்தாவுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லலக்கா."

மணி நாலு ஐம்பது. சுரேகா சுவரில் இருந்த தன் விதிகளைப் பார்த்தாள். ஆறாவது: பட்டியல் மாணவருடையது. நாம் தகவல் மட்டும் சொல்வோம். எழுதும்போது அது இவ்வளவு கஷ்டமான விதி என்று தோன்றவில்லை.

"எல்லாத் தகவலும் உனக்குத் தெரியும். யோசிச்சுட்டியா?"

"ஆயுத பூஜையிலேர்ந்து யோசிக்கறேன்க்கா."

"அப்ப அழுத்து."

சபீனா அழுத்தினாள். பட்டியல் உறுதியானதைக் காட்டும் பூட்டுப் படம் திரையில் வந்தது. நாலு ஐம்பத்து மூன்று.

ஜானகிராமன் ஏழரை மணிக்கு வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய மைசூர்பாகு. நான்கு வருடத்தில் அவர் வேலையிலிருந்து இவ்வளவு உற்சாகமாக வந்து யாரும் பார்த்ததில்லை.

"பாய் வாங்கிக் குடுத்தாரு. வேணாம்னேன், கேக்கல. லெட்டரை மேனேஜர்கிட்டயும் காட்டினேன். படிச்சுட்டு, இனிமே எல்லாரும் இப்படி எழுதிக் குடுத்தா எடுக்கலாம்னுட்டாரு. அந்த நோட்டுலயே புதுசா ஒரு பக்கம் கோடு போடச் சொல்லிகீறாரு." சட்டையைக் கழற்றி மாட்டினார். "எல்லாம் முடிஞ்சுதா பாப்பா?"

"முடிஞ்சுது நைனா. ரொம்ப நன்றி."

"எனக்கு எதுக்கு நன்றி? அந்த மனுசன் மூஞ்சியை நீ பாக்கணும். பொண்ணை வெளியூரு அனுப்பற மாதிரி ஆயிடுமோன்னு ஒரு மாசமா தூக்கம் இல்லையாம். இன்னிக்குத்தான் என்கிட்ட வாயைத் தொறந்து சொன்னாரு. நான் கையைப் புடிச்சு வாக்கே குடுத்துட்டேன். என் பொண்ணு பக்கத்துல இருந்து போட்டுகீறா, தினமும் காலையில போய் சாயங்காலம் ஊட்டுக்கு வந்துடும், கவலையே வேணாம் பாய்னு. இத்தினி வருசத்துல நான் யாருக்கும் வாக்கு குடுத்ததில்ல, தெரியுமா?"

தினேஷ் மைசூர்பாகை எடுக்கப் போன கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். தாட்சாயிணி சமையலறையில் காரணமே இல்லாமல் குழாயைத் திறந்தாள்.

நாளைக் காலை பத்து மணிக்கு ஒதுக்கீடு வரும்.

சுரேகா ஒரு நாற்காலியை இழுத்து அப்பாவுக்கு எதிரில் போட்டாள்.

"நைனா, கொஞ்சம் இப்படி உக்காருங்க."